ஏறுமா என்று கேட்கிறார்கள், இறங்குவதை யாரும் கேட்பதில்லை

பதுளை நகரத்தில் பழைய மோட்டார் சைக்கிள் விற்கிற எந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாலும் அந்தக் கேள்வி காதில் விழும். "அண்ணே, ரெண்டு பேரு ஏறிப் போனா மலை இழுக்குமா?" கேட்கிற தம்பி பசறைப் பக்கமோ மடுல்சீமைப் பக்கமோ இருந்து பஸ்ஸில் வந்திருப்பான். முதல் வண்டி. கூட ஒரு மாமாவோ, தோட்டத்தில் ஆட்டோ ஓட்டுகிற அண்ணனோ இருப்பார். விற்கிறவருக்குப் பதில் மனப்பாடம். "இழுக்காம எங்க தம்பி போகப்போகுது!"

அவர் சொல்வது பொய்யில்லை. ஹீரோ ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கொள்வோம். 97.2 சிசி எஞ்சின், எட்டுக் குதிரைவலு. ஆயிரம் மீற்றர் உயரத்துக்குப் போனால் காற்று மெலிந்து எஞ்சினின் வலுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போய்விடும். பதுளை நகரம் சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஹப்புத்தளை சுமார் 1,430 மீற்றரில். ஆக ஹப்புத்தளைக்கு வந்து சேரும்போது அந்த எட்டில் ஏழுதான் மிஞ்சும். ஏழு போதும். இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டே ஏறும், பின்னால் வருகிற லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பான், அவ்வளவுதான். ஏற்றத்தில் வலு குறைந்தால் வண்டி மெதுவாகப் போகும். அதனால் யாருக்கும் காயம் படுவதில்லை.

இறக்கம் அப்படியில்லை. ஊவாவில் முதல் வண்டி வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது.

எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குகிற பாதையைப் பாருங்கள். எல்ல சுமார் 1,040 மீற்றரில் இருக்கிறது, வெல்லவாய சுமார் 200 மீற்றரில். முப்பது கிலோமீற்றர்கூட இல்லாத தூரத்தில் 840 மீற்றர் கீழே வருகிறீர்கள். வண்டி 112 கிலோ, மேலே இரண்டு பேர் 130 கிலோ என்று வைத்தால், அந்த இறக்கத்தில் வெளியேற வேண்டிய சக்தி இருபது இலட்சம் ஜூலுக்குப் பக்கத்தில் வரும். அது ஏறத்தாழ ஆறு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு. ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும், ஒரு பங்கை எஞ்சின் எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுக்க உள்ளங்கை அளவு பிரேக் சூ இரண்டுக்குள் போகிறது. எஞ்சினுக்கு அந்த வேலையைக் கொடுக்காவிட்டால் பிரேக் சூ மட்டும் கிடந்து வேகும். வெந்துபோன டிரம் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் பிடி குறைந்துகொண்டே போகும். ராவணன் நீர்வீழ்ச்சி வளைவுக்கு மேலே இது தெரியவந்து பிரயோசனமில்லை. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு தங்காலை நகரசபை ஊழியர்கள் வந்த பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தது இந்த எல்ல - வெல்லவாய வீதியில்தான். பெரிய வண்டிக்கே மன்னிப்புத் தராத இறக்கம் அது.

இங்கேதான் கியர் வண்டியா, ஸ்கூட்டரா என்ற பழைய சண்டைக்கு மலைநாட்டுக்கே உரிய பதில் கிடைக்கிறது. கொழும்பில் இது வசதியைப் பற்றிய பேச்சு. பதுளையில் பிரேக்கைப் பற்றிய பேச்சு. கியர் வண்டியில் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கிவிட்டு அக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது லொறிச் சாரதிகளின் கணக்கு. அது மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். ஸ்கூட்டரில் பெல்ட்டும் தானாகப் பிடிக்கிற கிளச்சும் இருக்கின்றன. எஞ்சினின் பிடி கொஞ்சம் உண்டு, ஆனால் பலவீனமானது. வேகம் நன்றாகக் குறைந்து எஞ்சின் சுற்று விழுந்ததும் கிளச் விட்டுவிடும். அதற்குப் பிறகு வண்டி சும்மா உருளும். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைகிற நேரத்தில் நடப்பது அதுதான்.

இன்னொன்று சில்லு. பழைய ஹொண்டா டியோவில் பத்து அங்குலச் சில்லு, சீ.டீ. 100இல் பதினேழு அங்குலம், ஸ்ப்ளெண்டரில் பதினெட்டு. தார் வீதியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பிரதான வீதியை விட்டுத் தோட்டத்துப் பாதைக்குத் திரும்பியதும் தெரியும். கொழுந்து லொறி போய்ப் போய்க் குழி விழுந்து, பதித்த கருங்கல்லில் பாதி பெயர்ந்து கிடக்கிற பாதையில் சின்னச் சில்லு குழிக்குள் இறங்கி நின்றுவிடும், பெரிய சில்லு தாண்டிப் போகும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து பதுளை மாவட்டமெங்கும் மண் சரிந்தது. அதற்குப் பிறகு எந்த வளைவில் தார் இருக்கும், எந்த வளைவில் சேறு இருக்கும் என்று மழை பெய்த மறுநாள் யாரும் உறுதி சொல்ல முடியாது.

அதற்காக ஸ்கூட்டரை ஒதுக்கச் சொல்லவில்லை. ஹாலிஎலயில் வீடு, பதுளையில் பாடசாலை அல்லது ஆஸ்பத்திரியில் வேலை என்றால் ஸ்கூட்டர் அருமையான வண்டி. சேலை கட்டிக்கொண்டு ஓட்டலாம், கால் வைக்கிற இடத்தில் மரக்கறிப் பை வைக்கலாம், கிளச் பிடித்துக் கை நோகாது. பெண்களின் கையில் வண்டி வந்ததற்கு இந்த நாட்டில் ஸ்கூட்டரைவிடப் பெரிய காரணம் கிடையாது. அதற்கு முந்திய தலைமுறைக்கு ஹொண்டா சாலி அந்த வேலையைச் செய்தது. பாதை எது என்பதை வைத்துத்தான் வண்டி. பூனாகலை மேல் டிவிசனில் வீடு இருக்கிற ஒருவரும் பதுளை டவுனில் இருக்கிற ஒருவரும் ஒரே வண்டியை வாங்க வேண்டிய அவசியம் என்ன?

இறக்கத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விடுவது. 2022 ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர்தான். மலைப்பாதையில் லீற்றருக்கு ஐம்பது கிலோமீற்றர் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 200 கிலோமீற்றர். பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு அறுபதுக்குக் கிட்ட வேண்டும், நாலாம் நாள் முடிவதற்குள் டேங்க் காய்ந்துவிடும். அந்த நேரத்தில் இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தியவர்களைக் குறை சொல்ல மனசு வராது. ஆனால் கியூ.ஆர். முறை 2023 செப்டம்பரில் போய்விட்டது, பழக்கம் மட்டும் சிலரிடம் தங்கிவிட்டது. புதிதாக ஓட்டுகிறவர் அதைப் பார்த்துப் படித்துவிடக் கூடாது.

வெளிச்சத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் முன் விளக்குக்கு மின்சாரம் பெற்றரியிலிருந்து வருவதில்லை, எஞ்சின் சுற்றச் சுற்ற நேரடியாக வருகிறது. அக்சிலரேட்டரை விட்டால் விளக்கு மங்கிவிடும். அந்திக்குப் பிறகு ஹப்புத்தளையில் மூடுபனி இறங்கி, முன்னால் போகிற வேனின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிற நேரத்தில், வேகத்தைக் குறைக்கக் குறைக்கப் பாதை இருட்டாகிக்கொண்டே போகும். வாங்க வருகிறவர் பகலில் வந்து, வெயிலில் நின்று, விளக்கைப் போட்டுப் பார்த்து "எரியுது" என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார். எஞ்சினை ஐடிலில் விட்டு, விளக்குக்கு முன்னால் கையை வைத்துப் பார்க்க வேண்டும். மங்கல் என்றால் விலை பேசும்போது பெற்றரி விளக்குக்கு மாற்றுகிற செலவையும் சேர்த்துப் பேசலாம்.

தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் ஒரு காலத்தில் யாருடைய வாகனம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பெரியதுரைக்குக் கார், சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள். மலைக்குள் அந்தச் சத்தம் கேட்டதும் கங்காணியின் குரல் உயரும். இன்று அதே பாதையில் லயத்துப் பையன் சொந்த வண்டியில் வேலைக்குப் போகிறான். பண்டாரவளையில் கடை, பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரி, வெலிமடையில் மரக்கறி வியாபாரம். இந்த மாற்றம் சின்னது கிடையாது. ஆனால் லயம் கட்டியவர்கள் வண்டி நிறுத்த இடம் விட்டுக் கட்டவில்லை. வண்டி இரவில் தூங்குவது இஸ்தோப்பில்தான். நாலு படி, மேலே ஒரு பலகை, முன்சில்லைத் தூக்கி வைத்து, கிளச்சைப் பாதி விட்டு, தோளால் தள்ளி ஏற்ற வேண்டும். மழை பெய்தால் பலகை வழுக்கும். ஸ்ப்ளெண்டரின் 112 கிலோவை ஒருவர் எப்படியோ ஏற்றிவிடுவார். 145 கிலோ தாண்டுகிற பல்சர் 150க்கு அடுத்த காம்பராவிலிருந்து ஆள் கூப்பிட வேண்டும். விளம்பரத்தில் எடையை மூலையில் சின்ன எழுத்தில் போடுவார்கள், இங்கே அதுதான் முதல் எழுத்து.

பல்சர், எஃப்.சீ., ஹோர்னெட் மீதான ஆசை எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மமில்லை. ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் மோட்டார் சைக்கிள்கள் மண்மேட்டிலிருந்து அந்தரத்தில் பாய்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அதே போட்டியில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்ததையும் இவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 150 சிசி வண்டி கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. முன்னால் டிஸ்க் பிரேக், அகலமான டயர், நல்ல விளக்கு எல்லாம் அதில் கிடைக்கும். ஆனால் 14 குதிரைவலுவை ஈரப் பாதையில் கட்டுப்படுத்துகிற கை பழகிய பிறகு வருவது. இரண்டு மழைக்காலம் சின்ன வண்டியில் ஓட்டிவிட்டு வாங்கினால் அந்த வண்டிக்கும் மரியாதை.

தமிழ்நாட்டு யூடியூப் விமர்சனம் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பீ.எஸ். பிரேக் கட்டாயம். அந்தச் சட்டம் இந்தியாவில் விற்கிற வண்டிக்குத்தான். அதே பெயரில் இலங்கைக்கு வந்து இறங்குகிற வண்டியில் அது இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மதுரைக்காரர் வீடியோவில் பிரேக்கைப் பிடித்துக் காட்டுகிறாரே என்று நம்பிவிடாமல், முன்சில்லில் உணரி வளையம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

சாரதி அனுமதிப்பத்திர விஷயத்தில் பலர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு வகுப்பு வைத்திருக்கிறது. நூறு சிசி வரை ஏ1, அதற்கு மேல் ஏ. ஸ்கூட்டர்தானே, சின்ன வண்டிதானே என்று ஏ1 எடுத்துவிட்டு டியோ வாங்குகிறார்கள். டியோ 109 சிசிக்கு மேல், அதற்கு ஏ வேண்டும். 87.8 சிசியான டீ.வீ.எஸ். ஸ்கூட்டி பெப் ஏ1க்குள் அடங்கும், ஸ்ப்ளெண்டரும் அடங்கும். பழைய சீ.டீ. 100 99.27 சிசி, அதுவும் சரி. பிற்காலத்து பிளாட்டினா 100இன் எஞ்சின் 102 சிசி! பெயரில் நூறு இருந்தாலும் பொலிஸ்காரர் பார்ப்பது பதிவுப் புத்தகத்தை. விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் பார்ப்பதும் அதைத்தான். எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம், மருத்துவச் சான்றிதழ் முன்கூட்டியே வேண்டும். எப்படியும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் நிற்கத்தான் போகிறீர்கள், ஒரேயடியாக ஏ வகுப்புக்கே விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம்.

புது வண்டியா, பழையதா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருடம். அதனால் சந்தையில் கிடக்கிற பழைய வண்டிகளில் பெரும்பாலானவை அந்தத் தடைக்கு முன் பதிவானவை, தடைக் காலத்தில் கைமாறிக் கைமாறி விலை ஏறியவை. மலையில் ஓடிய வண்டியின் உடம்பு வேறு மாதிரித் தேய்ந்திருக்கும். கிலோமீற்றர் மானியைப் பார்ப்பதில் அர்த்தமில்லை, அதைத் திருப்புவது சுலபம்.

மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் அவர் எங்கே கை வைக்கிறார் என்று கவனியுங்கள். முதலில் பின் பிரேக்கை மிதித்து, டிரம்மில் பிரேக் கை பொருந்துகிற இடத்தில் உள்ள சின்ன அம்புக்குறியைப் பார்ப்பார். அம்பு எல்லைக் கோட்டைத் தொட்டிருந்தால் சூ முடிந்தது. அடுத்து பின் ஸ்பிரொக்கட் பல். நேராக நிற்க வேண்டிய பல் கொக்கி போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செயினோடு சேர்த்து முழு செட்டும் மாற்ற வேண்டும். பிறகு நடு ஸ்டாண்டில் ஏற்றி, முன்சில்லைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இடம் வலம் திருப்புவார். நடுவில் ஓரிடத்தில் 'டக்' என்று பிடித்தால் கோன் செட் போயிருக்கிறது. அது குழிப் பாதையில் சுமையோடு ஓடிய வண்டியின் கையெழுத்து. கடைசியில் பின் கெரியரைத் தட்டிப் பார்ப்பார், வெல்டிங் போட்டிருந்தால் அந்த வண்டி மரக்கறி மூட்டை சுமந்திருக்கிறது. "தம்பி, எஞ்சினைப் பிறகு பாப்போம். எஞ்சின் நின்னா தள்ளிக்கிட்டுப் போகலாம்" என்பார். அனுபவசாலிகள் பேசுகிற விதம் அது.

காகிதத்திலும் கவனம் வேண்டும். வண்டியின் பதிவில் முழு உரிமையாளர், பதிவு செய்த உரிமையாளர் என்று இரண்டு பெயர் இருக்கலாம். லீசிங் முடியாத வண்டியில் முழு உரிமையாளர் கம்பனிதான். ஓபன் பேப்பரில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு மூன்று பேர் கைமாறிய வண்டி என்றால், சாமான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். யாரோ ஒருவருடைய தவணை பாக்கிக்காக உங்கள் இஸ்தோப்பிலிருந்து வண்டியைத் தூக்கிப் போவார்கள்.

தவணைக் கணக்கை வீட்டில் ஒரு தடவையாவது காகிதத்தில் போட வேண்டும். உதாரணத்துக்கு நாலு இலட்சம் கடன், ஆண்டுக்கு 20 வீதம், நாலு வருடம் என்று ஒருவர் சொல்கிறார். அந்த 20 வீதத்தை முதல் நாள் கடன் தொகை முழுவதற்கும் நாலு வருடமும் போட்டால் வட்டி மட்டும் மூன்று இலட்சத்து இருபதாயிரம், மாதம் 15,000. கடன் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டிய முறையில் பார்த்தால் அது உண்மையில் ஆண்டுக்கு 32 வீதத்தைத் தாண்டும் வட்டி. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில், மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும் 33,750தான் வந்தது. அதிலும் கழிவுகள் இருந்தன. அம்மாவின் சம்பளத்தை நம்பித் தவணை கட்டப்போகிற வண்டி என்றால், மழை பிடித்து மலையில் வேலை குறைகிற மாதத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பெற்றோல், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் எல்லாம் இதற்கு மேலே.

காற்றையும் மறக்க முடியாது. ஜூன் தொடங்கி ஓகஸ்ட் வரை கச்சான் அடிக்கும்போது ஹப்புத்தளை இடைவெளியில் வருகிற குறுக்குக் காற்று நூறு கிலோ வண்டியை அடுத்த ஓரத்துக்கே தள்ளப் பார்க்கும். ஊவாத் தேயிலைக்கு வாசம் தருகிற அதே காற்றுதான். அந்த மாதங்களில் பெரிய பெட்டி, அகலமான முன் கண்ணாடி என்று வண்டியில் எதையும் மாட்டாமல் இருப்பது நல்லது.

ஆக, தோட்டத்துப் பாதையில் வீடு இருக்கிறவருக்கு முதல் வண்டி நூறு சிசி கியர் வண்டி, பெரிய சில்லு, குறைந்த எடை. டவுனில் இருக்கிறவருக்கு ஸ்கூட்டர். காசு கொடுக்கிறதுக்கு முன் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஸ்பிரிங்வெளிப் பாதையிலோ உங்கள் ஊர் இறக்கத்திலோ ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். அதற்கு விற்கிறவர் சம்மதிக்காவிட்டால் அடுத்த கடை. பட்ஜெட்டில் இரண்டு தலைக்கவசத்துக்குக் காசு ஒதுக்குங்கள், இரண்டிலும் எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கட்டும். பின்னால் உட்காருகிறவரும் போட வேண்டும் என்பது சட்டம். பஸ் வராத நாளில் பெரும்பாலும் பின்னால் உட்காரப்போவது உங்கள் அம்மாதான், அவர் தலைக்கு அளவு பார்த்து வாங்குங்கள்.